மாமா வீட்டின் நான்கெல்லை

கடந்த ஆனித் தேரோட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் சங்கரன்கோவிலிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்து, அன்றைய நாளிதழின் உட்பக்கத்தில் மாமாவின் பெயர் வந்திருப்பதாகச் சொன்னாள். வீட்டுக்கடன் கொடுத்த நிறுவனம் வெளியிட்டிருந்த சுவாதீன அறிவிப்பு அது; தவணை நின்ற வீட்டைத் தன் வசம் எடுத்துக்கொண்டதாக ஊருக்குச் சொல்லும் அறிவிப்பு. கடன் தொகைக்கும் தேதிக்கும் கீழே, ஆச்சியும் தாத்தாவும் வாழ்ந்த திருநெல்வேலி டவுன் வீட்டின் நான்கெல்லையும் அச்சாகியிருந்தது. கிழக்கு எல்லையாக ‘பொது முடுக்கு’ என்று போட்டிருந்தார்கள். சிறு வயதில் நாங்கள் பாண்டி விளையாடிய குறுகிய சந்துதான் அந்த முடுக்கு. அம்மா அந்தப் பக்கத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை.

அது தாத்தா தம் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. அவர் இறந்தபின், தம்பிக்கு இருக்க ஓரிடம் வேண்டுமே என்று, அம்மா தம் பங்குக்கு ஒரு ரூபாயும் வாங்காமல் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அந்த வீட்டின் பேரில்தான் மாமா 12 லட்ச ரூபாய் கடன் வாங்கியிருந்தார்.

மாமா குடிப்பவர் அல்லர், சூதாடுபவரும் அல்லர். கையில் காசு தங்காதவர், அவ்வளவுதான். அக்கா சடங்குக்கு இருபத்தொரு தட்டில் சீர் கொண்டுவந்து தெருவையே வியக்க வைத்தார். அந்தத் தட்டுகளுக்காக அத்தையின் இரட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போனது எங்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. அதன்பின் பாத்திரக் கடை வைத்தார், மூடினார். சரக்கு வேன் வாங்கினார், அதுவும் பாதி நாள் வாசலிலேயே நின்றது. ஆனாலும் யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் மொய் அவருடையதாகத்தான் இருக்கும். அந்த மனிதரை வெறுக்க எனக்கு ஒருபோதும் முடிந்ததில்லை, இப்போதும் முடியவில்லை.

மறுநாள் நானும் அம்மாவும் போனபோது அத்தை எதுவும் சொல்லாமல் எங்களை இரண்டாங்கட்டுக்கு அழைத்துப்போய் பீரோவைத் திறந்து காட்டினார். மடித்த வேட்டிகளுக்கு அடியில் ஒன்பது உறைகள் இருந்தன. எல்லாம் பதிவுத் தபாலில் வந்தவை, மாமா கையெழுத்துப் போட்டு வாங்கியவை, ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை. தார்சாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நான் பிரித்துத் தேதி வாரியாக அடுக்கும்போது, மாமா தூணில் சாய்ந்தபடி முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உறையைப் பிரித்தால்தான் கடன் நிஜமாகும் என்று அவர் மனத்தின் ஒரு மூலை நம்பியிருக்க வேண்டும்.

தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கடன் வாராக்கடன் ஆகிவிடும். அதன்பின், அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே கைப்பற்றி விற்கக் கடன் கொடுத்தவருக்கு வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் கெடு கொடுத்து முன்னறிவிப்பு வரும். அந்த அறுபது நாளுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால், 15 நாளுக்குள் அவர்கள் காரணம் காட்டிப் பதில் தந்தாக வேண்டும். மாமாவின் அறுபது நாளும் வேட்டிக்கு அடியில் கழிந்துவிட்டன. இனி மதுரையில் இருக்கும் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு 45 நாளுக்குள் போகலாம், அல்லது ஏல அறிவிப்பு வெளியாவதற்குள் பணத்தைக் கட்டி மீட்கலாம் என்று பாளையங்கோட்டை வழக்கறிஞர் ஒருவர் விளக்கினார்.

இதற்கிடையில் மாமா தாமாகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்ததுதான் எங்களைக் கலங்கடித்தது. முன்பகுதியை 5 லட்சத்துக்கு ஒத்திக்கு விடுவதாகப் பேசி, ஒரு குடும்பத்திடம் 50,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். ஒத்தி என்றால் வாடகை கிடையாது. கெடு முடிந்ததும் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். முன்னறிவிப்பு வந்தபின் கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றி வீட்டை இப்படி ஒருவருக்கு விடுவதைச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விட்டுவிட்டாலும், ஏலம் போகும் வீட்டில் ஒன்றும் அறியாத ஒரு குடும்பம் தன் சேமிப்பைக் கொட்டிவிட்டு எங்கே போய் நிற்கும்? மாமாவிடம் குரல் உயர்த்தியறியாத அம்மா அன்றுதான், “ஏல, ஒன் வீடு போகுதுன்னு இன்னொருத்தன் வீட்டையுமா கெடுப்ப?” என்று கேட்டார். அந்த 50,000-இல் 32,000 மட்டுமே மிச்சமிருந்தது. குறைந்ததை அம்மா தம் பெட்டியிலிருந்து போட, அன்று மாலையே மாமா கையாலேயே திருப்பிக் கொடுக்க வைத்தோம். இந்தக் கதையில் நாங்கள் செய்த முதல் சரியான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கந்துவட்டியும் இருந்தது. வாங்கியது 40,000, மாதம் நூற்றுக்குப் பத்து வீதம் பதினான்கு மாதத்தில் 56,000 வட்டியாகவே கட்டியிருந்தார். 2017 அக்டோபரில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாளாமல் கணவனும் மனைவியும் இரண்டு பிஞ்சுக் குழந்தைகளோடு தீக்குளித்து மாண்டதை இந்த ஊரில் எந்தத் தாயும் மறக்கவில்லை. “அவனத் தனியா விடாதீங்க” என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னதன் பொருள் எங்களுக்குப் புரிந்தது. 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தை எடுத்துச் சொல்லி, சாட்சிகள் முன்னிலையில் புரோநோட்டையும் வெற்றுக் காசோலையையும் வழக்கறிஞர் திரும்ப வாங்கித் தந்தார்.

பெரிய கடனுக்குப் புதுக்கடன் வாங்கலாம், நீ ஜாமீன் கையெழுத்து மட்டும் போடு என்று மாமா கேட்டார். விடியற்காலையில் குறுக்குத்துறைப் படித்துறையில் இருவரும் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டார். ஜாமீன்தாரர் கடனாளிக்குச் சமமாகப் பொறுப்பேற்கிறார் என்பதே சட்டம். நான் போட்டால் என் பிள்ளைகளின் வீடும் அதே கதியாகும். “மாமா, கையெழுத்தும் போட மாட்டேன், பணத்தை உங்கள் கையிலும் தர மாட்டேன், வீடு போகவும் விட மாட்டேன்” என்றேன். அவர் வெகுநேரம் ஆற்றைப் பார்த்திருந்துவிட்டு ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டு எழுந்து போனார். இரண்டு வாரம் என்னுடன் பேசவில்லை. அது எனக்கு மிகவும் வலித்தது.

பதினொரு தவணை பாக்கி, 1,67,200 ரூபாய். அபராதத்தையும் பிற கட்டணங்களையும் சேர்த்து 1,84,600 கேட்டார்கள். கணக்குப் பட்டியலை வாங்கிப் பார்த்தால் அபராதத்தின் மேலும் வட்டி ஏறியிருந்தது. அபராதக் கட்டணத்தை அசலோடு சேர்த்து வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023-இலேயே அறிவுறுத்தியிருப்பதைக் காட்டி எழுதிக் கொடுத்தோம், 9,400 குறைந்தது. வேனை விற்று 85,000 வந்தது. மீதியை அக்காவும் நானும் பகிர்ந்து, நேரே கடன் கணக்கில் கட்டினோம். பாக்கி முழுவதும் தீர்ந்ததால் கணக்கு வழக்கமான நிலைக்குத் திரும்பியது. தொடங்கிய நடவடிக்கையைக் கைவிடுவதாக எழுத்தில் வாங்கினோம்.

இப்போது மாமா ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறார். சம்பளம் அத்தையின் கணக்குக்கு வருகிறது. அதிலிருந்து 5ஆம் தேதி தவணை போகிறது. மாமாவுக்குக் கைச்செலவுக்கு மாதம் 1,500 ரூபாய். இந்த ஏற்பாட்டை அத்தைதான் சொன்னார், நாங்கள் சொல்லவில்லை. ஐம்பத்தெட்டு வயது மனிதருக்கு இது எத்தனை பெரிய இறக்கம் என்பது எனக்குத் தெரியாமலில்லை.

போன வாரம் மாமா அழைத்து, சேரன்மகாதேவியில் ஒரு சிநேகிதர் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு 3,000 ரூபாய் வேண்டுமென்றார். என்னால் முடியாது என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, நிறுவனத்திலிருந்து ஒரு உறை வந்திருக்கிறது, பிரித்துப் படிக்கட்டுமா என்று கேட்டார். படித்தார், வட்டி விகிதத்தில் கால் சதவீதம் மாறியிருந்தது. எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டேன். கண்ணாடியை எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.