ஆன்லைன் எம்பிஏ: கேள்வியை முதலில் படியுங்கள், வீடியோ அப்புறம்

கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டது, எல்லாப் பேப்பரும் பாஸ். வேலையை விடாமல் படிக்கிறவர்களுக்கு, சூடு ஆறுவதற்குள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே பழக்கம்தான். புதுப் பாடம் திறந்ததும் அசைன்மெண்ட் கேள்வியைத்தான் முதலில் படிப்பேன். தெரிந்தவரை ஒரு தாளில் போட்டுப் பார்ப்பேன். எங்கே முட்டி நிற்கிறதோ, அதற்கான வீடியோவை மட்டும் ஓடவிடுவேன். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து வரிசையாக வீடியோ பார்த்தால் ஒன்றும் ஏறாது. மனதில் கேள்வி இருந்தால் காது தானாகக் கூர்மையாகிவிடும்.

ஃபைனான்ஸில் இதன் அருமை நன்றாகத் தெரியும். இன்று 1,00,000 முதலீடு, மூன்று வருடம், ஒவ்வொரு வருடக் கடைசியிலும் 40,000 வரவு. மொத்தம் 1,20,000 வருகிறதே, லாபம்தானே என்று தோன்றும். ஆனால் பின்னால் வரும் பணத்துக்கு இன்று மதிப்பு குறைவு. வருடத்துக்கு 10 சதவீதம் என்ற தள்ளுபடி விகிதத்தில், அந்த மூன்று வரவுகளின் இன்றைய மதிப்பைக் கையால் போடுங்கள்: 36,364, 33,058, 30,053. கூட்டினால் 99,475. அதில் முதலீட்டைக் கழித்தால் வருவதுதான் நிகர இன்றைய மதிப்பு, அதாவது என்பிவி (NPV): மைனஸ் 525! இந்த மைனஸைத் தன் கையால் எழுதிப் பார்த்தவருக்கு என்பிவி மறக்கவே மறக்காது. எக்செல் அப்புறம் பழகிக்கொள்ளலாம். அதில் என்பிவி ஃபார்முலா முதல் தொகையையே ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். அதனால் ஆரம்ப முதலீட்டை அதற்கு வெளியே கழிக்க வேண்டும். கையால் போட்டிருந்தால் இது உடனே பிடிபடும்.

மற்றவை சுருக்கமாக:

- ஸ்ட்ராட்டஜி: ஒரு தொழிலில் போட்டியைத் தீர்மானிப்பவை என்று மைக்கேல் போர்ட்டர் 1979இல் எழுதிய ஐந்து சக்திகளை ஒப்பித்தால் மார்க் வராது. கேள்வியில் வரும் தொழிலில் அவற்றில் எது கழுத்தை நெரிக்கிறது, ஏன் என்று எழுதுங்கள்.
- கேஷ் ஃப்ளோ: லாபத்தில் கழித்த தேய்மானத்தை ஏன் திரும்பக் கூட்டுகிறோம் என்று ஒரு வரியில் சொல்லத் தெரிய வேண்டும். பணம் வெளியே போகவில்லை, அவ்வளவுதான்.
- வகுப்பின் ஆன்லைன் கலந்துரையாடலில் எழுதும் பதிவு: முதல் ஆளாகப் போடுங்கள். பத்துப் பேர் எழுதிய பிறகு சொல்ல என்ன இருக்கிறது?
- கண்காணிப்பு மென்பொருளோடு ஆன்லைனில் எழுதும் தேர்வு: ஆபீஸ் லேப்டாப் வேண்டவே வேண்டாம். அட்மின் அனுமதி இல்லாமல் அந்த மென்பொருள் பெரும்பாலும் இறங்காது. சொந்தக் கணினியில் முன்கூட்டியே சோதனை ஓட்டம் நடத்திவிடுங்கள்.

குரூப் ப்ராஜெக்ட்டை நினைத்தால் இன்னும் ஆற்றாமைதான். நேர மண்டலம் வேறு, வேலை வேறு, அக்கறையும் வேறு. கடைசி வாரத்தில் பாதிப் பேர் காணாமல் போனார்கள், மார்க் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. முதல் கூட்டத்திலேயே யார் எந்தப் பகுதி, என்றைக்குள் என்று எழுதி, எல்லோரையும் ஒப்புக்கொள்ள வையுங்கள். பேராசிரியரிடம் முறையிட நேர்ந்தால் கையில் ஆதாரமாவது இருக்கும்.

நான் தனியாக, விடியற்காலையில் படிக்கிற ஆள். ஸ்டடி குரூப் எனக்கு ஒத்துவரவில்லை. ராத்திரிப் படிப்பையும் நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

சேருவதற்கு முன் தேர்வு அட்டவணையையும் உங்கள் ஆபீஸின் வருடக் கணக்கு முடிக்கும் மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் மோதினால் அந்த செமஸ்டரில் ஒரு பேப்பரைக் குறைத்து எடுங்கள். லீவை இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.