நாற்காலிக் கால்களுக்கு நடுவே

கலை எது என்பது பற்றி மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சங்கத்தார் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது எட்டாம் வகுப்பில் நான் வரைந்த ஒரு குதிரை.

வரைந்தது என்று சொல்லக்கூடாது. நாட்காட்டிப் படம் ஒன்றைச் சன்னல் கண்ணாடியில் வைத்து, மேலே தாளைப் பிடித்து, வெளிச்சத்தில் தெரிந்த கோடுகளின்மேல் பென்சிலை ஓட்டினேன். பிடரிமயிர், குளம்பு எல்லாம் அச்சொட்டாக வந்தன. வகுப்பே சுற்றி நின்று பார்த்தது. சித்திர ஆசிரியர் மட்டும் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினார். பென்சிலின் அழுத்தம் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீராக இருந்தது.

"இதில் நீ எதையுமே தீர்மானிக்கவில்லையே, தம்பி" என்றார்.

ஏசவில்லை. வெற்றுத்தாள் ஒன்றைத் தந்து, எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, அதன் கால்களுக்கு நடுவே உள்ள வெளிகளை மட்டும் வரையச் சொன்னார். முன்கால்களுக்கு இடையே நீள்சதுரம் இருக்கும் என்று நினைத்து இரண்டு கோடு போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அங்கே இருந்தது சரிந்து, கீழே ஒடுங்கிய ஒரு வடிவம். அழித்தேன், மறுபடி போட்டேன். மணி அடித்தபோது தாள் கறுத்து, ஓரிடத்தில் கிழிந்தும் இருந்தது. குதிரைக்குப் பக்கத்தில் வைக்கவே கூச்சப்பட்டேன். அவர் அந்த நாற்காலியைத்தான் சுவரில் ஒட்டினார்.

சிற்பி பிரான்குசியின் ‘வெளியில் பறவை’ (Bird in Space) என்ற சிற்பத்தின் வழக்கைப் பற்றிப் பிற்காலத்தில் படித்தபோது அந்தத் தாள்தான் கண்முன் வந்தது. 1926இல் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் அந்த வெண்கலச் சிற்பத்தைச் சமையல், மருத்துவமனைப் பொருட்களின் பிரிவில் சேர்த்து 40 சதவீத வரி போட்டார்கள். கலைப்பொருளுக்கு வரி இல்லை. ஆனால் இதில் இறகும் இல்லை, அலகும் இல்லை. பறவை என்று எப்படி ஒப்புவது? மெக்கானிக் ஒருவராலும் வெண்கலத்தை இப்படி மினுக்க முடியாதா என்ற கேள்விக்கு, மினுக்கலாம், இந்த வடிவத்தை மனத்தில் காண அவரால் முடியாது என்ற கருத்தில் சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைன் சாட்சி சொன்னார். 1928இல் நீதிமன்றம் அதைக் கலை என்று ஏற்றது.

திறமை, அழகு, பட்ட பாடு இவற்றால் மட்டும் கலை வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. பட்ட பாட்டில் என் குதிரைக்கும் பங்கு உண்டு. வேறு விதமாகவும் இருந்திருக்கக்கூடிய ஒன்றை, உற்றுப் பார்த்து, இப்படித்தான் என்று ஒருவர் தீர்மானித்த இடம் தெரிந்தால் எனக்கு அது கலை. 1917இல் டூஷான் என்ற கலைஞர் ஒரு சிறுநீர்க் கலத்தைக் கண்காட்சிக்கு அனுப்பியதை நெடுநாள் வெறுத்தேன். கையால் எதுவும் செய்யாவிட்டாலும் அவர் தேர்ந்தெடுத்தார், மல்லாத்தி வைத்தார், பெயரிட்டார். அதில் இன்றும் என் மனம் ஒட்டவில்லை, ஆனாலும் கலை இல்லை என்று சொல்லமாட்டேன்.

பிரான்குசியின் வெண்கலப் பறவை ஒன்றை நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் நேரில் பார்த்தேன். உளி பட்ட தடமே இல்லாத மினுக்கம். அடியில், பாதம் விரிவதற்குச் சற்று மேலே, உடல் மெலிந்து ஒடுங்குகிறது. அந்த ஒடுக்கத்தின் இருபுறமும் இருந்த வெளியைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.