ஓவர்லாப் ஆகிறது, சரி. எது எதோடு?

கேம் உருவாக்கும் கருவியான கன்ஸ்ட்ரக்ட் 3-இல் “இஸ் ஓவர்லாப்பிங் அனதர் ஆப்ஜெக்ட்” கண்டிஷனைப் போட்டால், இந்த எதிரி இந்தத் தீயின்மேல் நிற்கிறான் என்ற ஜோடி விவரம் கையில் வந்துவிட்டதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். வராது. அந்தக் கண்டிஷன் செய்வது வடிகட்டுவது மட்டுமே. ஏதோ ஒரு தீயின்மேல் நிற்கும் எதிரிகள் எல்லாம் ஒரு பட்டியல். ஏதோ ஓர் எதிரி நிற்கும் தீக்கள் எல்லாம் இன்னொரு பட்டியல். எது எதோடு என்பது அங்கேயே தொலைந்துவிடும்.

திரையில் ஓர் எதிரி, ஒரு தீ இருக்கும்வரை இது தெரியவே தெரியாது. கூட்டம் சேரும்போதுதான் வெடிக்கும். தீ ஆப்ஜெக்ட்டுக்கு ‘வீரியம்’ என்று ஓர் இன்ஸ்டன்ஸ் வேரியபிள் (ஒவ்வொரு பிரதிக்கும் தனி மதிப்பு); ஒரு தீக்கு 5, இன்னொன்றுக்கு 40. இரண்டிலும் ஆளுக்கொரு எதிரி. ஆக்‌ஷனில் “ஹெல்த்திலிருந்து தீ.வீரியம் கழி” என்று எழுதினால், கன்ஸ்ட்ரக்ட் இரு பட்டியலையும் வரிசை எண்ணை வைத்துத்தான் பொருத்தும்: முதல் எதிரிக்கு முதல் தீ, இரண்டாவதுக்கு இரண்டாவது. எது எதன்மேல் நிற்கிறது என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை. வரிசை ஒத்துப்போகாவிட்டால், 5 வாங்க வேண்டியவன் 40 வாங்குவான்.

சரியான அமைப்பு இது. மேல் ஈவென்ட்டில் “ஃபார் ஈச் எதிரி” (எதிரிகளை ஒவ்வொன்றாக எடுக்கும் லூப்). அதன் சப்-ஈவென்ட்டில் “எதிரி இஸ் ஓவர்லாப்பிங் தீ”. அதற்கும் உள்ளே “ஃபார் ஈச் தீ”, பிறகு ஆக்‌ஷன். கடைசி லூப் எதற்கு என்றால், ஒரே எதிரி இரண்டு தீக்களின் நடுவே நிற்கலாம். அது இல்லாவிட்டால் முதல் தீயின் வீரியம் மட்டுமே கழியும். கண்டிஷன்கள் மேலிருந்து கீழாக ஓடுவதால் வரிசையும் முக்கியம். முதலில் ஓவர்லாப், அதன்கீழ் ஃபார் ஈச் எதிரி என்று மாற்றிப் போட்டால், எதிரி ஒவ்வொன்றாக வரும், ஆனால் தீப் பட்டியல் சுருங்காது. பழைய குழப்பமே மிஞ்சும்.

அடுத்தது நேரம். எதிரி தீயில் நிற்கும்வரை இந்தக் கண்டிஷன் ஒவ்வொரு டிக்கிலும் (திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும்) உண்மை. டிக்குக்கு 1 கழித்தால், 100 ஹெல்த் உள்ள எதிரி 60 ஹெர்ட்ஸ் திரையில் சுமார் 1.67 வினாடியில் சாவான். 144 ஹெர்ட்ஸ் திரையில் 0.69 வினாடியில். வீரியத்தை ‘வினாடிக்கு இவ்வளவு’ என்று வைத்து, dt-ஆல் (முந்தைய டிக்கிலிருந்து கடந்த நேரம், வினாடியில்) பெருக்கிக் கழித்தால் எல்லாத் திரையிலும் ஒரே வேகம்.

தொடர்ந்து எரிக்க வேண்டாம், விட்டுவிட்டு அடிக்க வேண்டும் என்றால் பலரும் தேடிப்போவது “ட்ரிகர் ஒன்ஸ் வைல் ட்ரூ” (கண்டிஷன் உண்மையாகும்போது ஒருமுறை மட்டும் ஓடு). இந்த இடத்தில் அதைத் தொடாதீர்கள். அது ஒவ்வொரு எதிரிக்கும் தனித்தனியாகக் கணக்கு வைப்பதில்லை, ஈவென்ட் முழுவதற்கும் ஒரே கணக்குதான். முதல் எதிரி தீயில் நிற்கும்போதே இரண்டாமவன் நுழைந்தால், கண்டிஷன் ஏற்கெனவே உண்மை; அவனுக்கு அடி விழாது. பதிலாக எதிரிக்கு டைமர் பிஹேவியர் சேர்த்து, “டைமர் ஓடுகிறதா” என்பதை இன்வர்ட் செய்து (ஓடாதபோது என்று திருப்பி) கண்டிஷனாக வையுங்கள். அடித்ததும் 0.8 வினாடிக்கு டைமரைத் தொடங்குங்கள். டைமர் இன்ஸ்டன்ஸுக்கு ஒன்று, அதனால் குழப்பமில்லை.

தோட்டா மாதிரி ஒரே அடியோடு முடிகிற விஷயத்துக்கு இத்தனை லூப் வேண்டாம். “ஆன் கொலிஷன்” தொடும் கணத்தில் மட்டும், ஜோடி ஜோடியாக ஓடும். ஆனால் டெஸ்ட்ராய் செய்த தோட்டா அந்த நொடியே மறைவதில்லை, அந்த மேல்மட்ட ஈவென்ட் முடியும்வரை கணக்கில் இருக்கும். ஒட்டி நிற்கும் இரண்டு எதிரிகளை ஒரே தோட்டா வீழ்த்துவது இதனால்தான். தோட்டாவுக்கு ‘தீர்ந்தது’ என்று ஒரு பூலியன் (ட்ரூ/ஃபால்ஸ் வேரியபிள்) வைத்து, அது ட்ரூ ஆகாதபோது மட்டும் அடியுங்கள். அடித்ததும் ட்ரூ ஆக்கிவிட்டு டெஸ்ட்ராய் செய்யுங்கள்.

வேகத் தோட்டாக்கள் சுவரைத் தாண்டிவிடுவது வெறும் கணக்கு. வினாடிக்கு 1500 பிக்சல் என்றால் 60 டிக்கில் ஒரு டிக்குக்கு 25 பிக்சல். சுவர் 16, தோட்டா 8, கூட்டினால் 24. படாமலே கடக்க இடம் இருக்கிறது. சுவருக்குப் பின்னால் தடிமனான, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பிரைட்டை வைப்பதே எளிய வழி.

எதிரிகளே ஒன்றன்மேல் ஒன்று ஏறினால்? ஒரே ஆப்ஜெக்ட் டைப்பை இரண்டு பக்கமும் போட்டால் ‘நான்’, ‘அவன்’ என்று பிரிக்க முடியாது. எதிரியை ஒரு ஃபேமிலியில் (ஆப்ஜெக்ட் டைப்களின் குழுவில்) சேர்த்து, எதிரிக்கும் ஃபேமிலிக்கும் இடையே ஓவர்லாப் பாருங்கள். இரண்டின் தேர்வும் தனித்தனி. ஒவ்வொரு ஜோடியும் இருமுறை வரும், அதனால் எதிரியின் யுஐடி (ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்கும் உள்ள தனி எண்) மற்றவனுடையதைவிடச் சிறியதாக இருக்கும்போது மட்டும் இருவரையும் தள்ளி விலக்குங்கள்.

சீட்டாட்டத்தில் அடுக்கிய சீட்டுகளைக் கிளிக் செய்தால், கர்சருக்குக் கீழே உள்ள எல்லாச் சீட்டும் தேர்வாகிவிடும். கிளிக் கண்டிஷனுக்குக் கீழே “பிக் டாப்” சேர்த்தால் மேல் சீட்டு மட்டும் நகரும். இதிலும் வரிசை மாறக்கூடாது: பிக் டாப் முதலில் வந்தால் மேசையிலேயே எல்லாவற்றுக்கும் மேலே உள்ள சீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அது கர்சருக்குக் கீழே இல்லையென்றால் ஒன்றுமே நடக்காது.