பரண் ஆன்டெனாவும் சுவருக்குள் இருக்கும் கேபிளும்

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருக்கும் பழைய ஓட்டு வீட்டின் பரணில் தொலைக்காட்சி அலைகளைப் பிடிக்கும் ஒரு யூஎச்எஃப் (மீஉயர் அதிர்வெண்) ஆன்டெனாவைப் பொருத்தி, கேபிள் டிவி காலத்தில் அறைதோறும் இழுத்த கோஆக்சியல் (நடுவில் ஒரு கம்பியும் அதைச் சுற்றி உலோகப் பின்னலும் உள்ள) வயரிங்கிலேயே அதைச் சேர்த்திருக்கிறோம். 2016-இல் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் தூர்தர்ஷன் தொடங்கிய டிவிபி-டி2 என்னும் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைப் பெறுவதற்கு அந்தத் தரத்துக்கான ட்யூனர் தொலைக்காட்சியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதற்கான செட்டாப் பாக்ஸ் தேவை.

மங்களூர் ஓட்டின் வழியே அலைகள் ஓரளவு எளிதாக உள்ளே வந்துவிடுகின்றன. கம்பி கட்டிய கான்கிரீட் கூரைக்கு அடியில் அப்படி வருவதில்லை என்பதால், அடுக்குமாடி வீட்டு லாஃப்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். மொட்டை மாடியில் வைத்தால் கூடுதல் அலை கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்த ஊரின் உப்புக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இணைப்புகளை அரித்துவிடும். பரணில் அந்தத் தொல்லை இல்லை.

எல்லோரும் ஆன்டெனாவின் திசையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எனக்கோ சுவருக்குள் இருக்கும் வயர்தான் முக்கியமாகப் படுகிறது. முதலில் கேபிள் ஆபரேட்டரின் வயரை முழுவதுமாகக் கழற்றிவிட வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்தால் கேபிள் அலை ஆன்டெனா வழியே வெளியே பரவும், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். அதேபோல், டிஷ்ஷுக்குப் போகும் வயரில் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் ஓடுவதால், டிஷ் அலையையும் ஆன்டெனா அலையையும் ஒரே வயரில் சேர்த்துப் பிரிக்கும் டிப்ளெக்சர் இல்லாமல் அதில் கை வைக்கவே கூடாது. அடுத்து, எந்த வயர் எந்த அறைக்குப் போகிறது என்பதை அறிய, ஒரு முனையில் நடுக்கம்பியையும் வெளிப்பின்னலையும் தற்காலிகமாக இணைத்துவிட்டு, மறுமுனையில் மல்டிமீட்டரால் பார்த்தால் போதும்.

ஆன்டெனா, வயர், ஒரு வயரைப் பல அறைகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் எல்லாமே 75 ஓம் மின்மறுப்பு (அலைக்கு அவை காட்டும் தடையின் அளவு) கொண்டவையாக இருக்க வேண்டும். மடிப்பு டைபோல் வகை ஆன்டெனாவின் 300 ஓமை 75 ஆக்குவதற்கு பேலன் என்ற சிறு மாற்றி உண்டு. இரண்டு வழி ஸ்பிளிட்டர் ஒவ்வொரு வழியிலும் அலையின் வலிமையில் சுமார் 3.5 டெசிபலையும், நான்கு வழி சுமார் 7 டெசிபலையும் குறைத்துவிடும் என்பதால், அறைகள் எத்தனையோ அத்தனை வழியே போதும். பயன்படாத முனையை 75 ஓம் டெர்மினேட்டரால் மூடிவிட வேண்டும். வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய பழைய இணைப்புகள் இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு எஃப் கனெக்டர் என்ற இணைப்பானைப் போடுங்கள். பின்னலின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் படம் போய்விடும்.

பூஸ்டர் தேவைப்பட்டால் அதை ஆன்டெனாவுக்கு அருகில் பரணிலேயே வைக்க வேண்டும், ஏனெனில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்கும் பூஸ்டர் வயரில் தேய்ந்துபோன அலையைத்தான் பெருக்குமே தவிர, இழந்த தெளிவை மீட்காது. அதற்கான மின்சாரமும் இதே வயரில்தான் மேலே போகிறது. ஆகவே ஸ்பிளிட்டரில் மின்சாரத்தைக் கடத்தும் முனை எது என்று பார்த்து, பவர் சப்ளை இருக்கும் அறையின் வயரை அதில் இணைக்க வேண்டும்.