நல்ல தண்ணீர் வரும் நாள்

திருப்பூரில் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவில் (இரத்த அழுத்தம், நீரிழிவு போன்றவற்றைப் பார்க்கும் பிரிவு) நான் செவிலியராகச் சேர்ந்த நாளில், இரத்த அழுத்தக் கருவி ஒன்றும் குளுக்கோமீட்டர் ஒன்றும் அறிவுரைகள் அச்சிட்ட ஒரு கட்டுத் தாளும் என்னிடம் ஒப்படைக்கப்பட்டன. உப்பையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும், நாள்தோறும் அரை மணி நேரம் நடக்க வேண்டும், ஏழு மணி நேரம் உறங்க வேண்டும் என்பவை அந்தத் தாளில் இருந்தன. அவற்றில் ஒன்றும் தவறில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்தத் தாளை ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டி, அடுத்த மாதம் அழுத்தம் குறையாமல் திரும்பி வந்தவர்களைச் சற்றுக் கடிந்தும் கொண்டேன்.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலராக, அதாவது துணியின் ஓரங்களைப் பிரியாமல் தைப்பவராக, இருந்த ஒரு பெண்மணி அந்த வழக்கத்தை நிறுத்தினார். வயது முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. மூன்று மாதம் மாத்திரை எடுத்த பிறகும் இரத்த அழுத்தம் 160/100 காட்டியது. தூக்கம் எப்படி என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தாளைப் படிக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏழு மணி நேரம் தூங்கச் சொல்றீங்க சிஸ்டர், அப்புறம் தண்ணிய யாருங்க புடிக்கிறது?" என்றார்.

அவர் குடியிருந்தது எட்டு வீடுகள் கொண்ட லைன் வீடு. எட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். உப்புத் தண்ணீர் எப்போதும் கிடைக்கும். குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய நல்ல தண்ணீர் பல நாள்களுக்கு ஒரு முறைதான் வரும், அதுவும் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு. என்றைக்கு வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் அந்த ஓர் இரவைத் தியாகம் செய்துவிடலாம்; தெரியாததால், வரக்கூடிய மூன்று நான்கு இரவுகளிலும் குழாய் காற்றை இழுக்கும் ஓசைக்குக் காதைக் கொடுத்தபடியே படுத்திருக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் வந்துவிட்டால் எட்டு வீட்டுப் பெண்களும் குடங்களோடு முறை வைத்து நிற்பார்கள். வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வீடு சேர்ந்து, சமைத்து, பாத்திரம் கழுவிப் பதினொன்றரைக்குப் படுத்து, ஐந்து மணிக்கு எழுபவருக்கு அந்த இரவுகளில் மிஞ்சும் உறக்கம் எவ்வளவு என்பதை நான் அதுவரை கணக்கிட்டதில்லை. உறக்கம் குறைந்தால் இரவில் இயல்பாகத் தணிய வேண்டிய இரத்த அழுத்தம் தணியாமல் போகும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். அந்தப் பாடத்துக்கும் குழாயடிக்கும் உள்ள தொடர்பைத்தான் நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு, "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று தொடங்குவதை விட்டுவிட்டு, "நேற்று எழுந்ததிலிருந்து படுத்தது வரை சொல்லுங்கள்" என்று கேட்கத் தொடங்கினேன். ஒருவருக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். வரிசையில் அறுபது பேர் நிற்கும் நாளில் அது நடக்காது. நடந்த நாள்களில் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வருவது. இடையில் காலையிலும் மாலையிலும் தேநீர் வரும், கூடவே பன்னோ வடையோ இருக்கும். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலியில், தைப்பவர் தேநீரைச் சுவைக்காகக் குடிப்பதில்லை. "நாலு மணிக்கு டீ உள்ள போகலீன்னா கை ஓடாதுங்க" என்பதைப் பலர் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தேநீரில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் ஏறத்தாழ 8 கிராம். வீட்டிலும் குடிப்பதைச் சேர்த்து நாளுக்கு ஐந்து தேநீர் என்றால் 40 கிராம். நாளுக்கு 25 கிராம் அளவில் நிறுத்திக்கொள்வது கூடுதல் நன்மை தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இனிப்பே தொடுவதில்லை என்று சத்தியம் செய்யும் நீரிழிவு நோயாளியின் கணக்கு இப்படித்தான் தவறுகிறது. அவர் பொய் சொல்வதில்லை, தேநீரை அவர் இனிப்பில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். தேநீரை விடச் சொன்னால் எவரும் கேட்கவில்லை. வடையை விட்டு அந்தக் காசுக்கு வேர்க்கடலை வாங்கச் சொன்னதைச் சிலர் கேட்டார்கள்.

தண்ணீர் குடிக்கும் பழக்கத்தைப் பற்றிப் பெண்களிடம் கேட்டால் முதலில் சிரிப்பார்கள். கழிப்பறைக்கு எழுந்தால் பத்துப் பதினைந்து பீஸ் போய்விடும், லைன் பின்தங்கும், சூப்பர்வைசர் பார்ப்பார். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. பல இடங்களில் இருக்கவும் இருக்கிறது. ஆனால், தயங்காமல் எழுந்து போவதற்கான நேரத்தை எந்தச் சட்டமும் தைத்துத் தருவதில்லை. ஆகவே காலையிலிருந்தே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்றோடு வருபவர்களில் பாதிப் பேரிடம் இந்தக் கதையைக் கேட்கலாம்.

இதில் என் பிழையும் ஒன்று உண்டு. பர்மிஷன் வாங்கி மூச்சிரைக்க ஓடி வருபவரை அப்படியே உட்கார வைத்து, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கையில் பட்டையைச் சுற்றி அளந்துவிடுவேன். முறைப்படி ஐந்து நிமிடமாவது முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். அடக்கிவைத்த சிறுநீர் மட்டுமே அளவைப் பத்துப் புள்ளிக்கு மேல் ஏற்றிவிடக்கூடும். முதலில் கழிப்பறைக்குப் போய்விட்டு வரச் சொல்லி, பிறகு உட்கார வைத்து அளந்தபோது, உயர் அழுத்தம் என்று நான் நினைத்திருந்த சிலர் எல்லைக்குக் கீழே வந்தார்கள்.

ஆண்களின் கதை வேறு. சனிக்கிழமை சம்பளம், அன்றிரவு மது. மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்ற அச்சத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்; மதுவை நிறுத்துவதில்லை. திங்கட்கிழமை அளந்தால் அழுத்தம் எகிறியிருக்கும். கேட்காமல் விட்டிருந்தால் மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டியிருப்பார். குடிப்பதை விட வேண்டும் என்று இன்றும் சொல்கிறேன். அதற்கு முன்னால், அழுத்த மாத்திரையை அதற்காக நிறுத்தக் கூடாது என்பதை மருத்துவரைக் கொண்டே சொல்ல வைக்கிறேன். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும் என்பதால் அவர்களிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு எடுக்க வேண்டிய மருந்து. காலையில் டப்பாவில் சோற்றைக் கட்டிக்கொண்டு, வெறும் வயிற்றோடு கம்பெனி வேனில் ஏறுபவர் அதை விழுங்கினால் குமட்டுகிறது; ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார். எத்தனையோ பேருக்கு, மருத்துவரிடம் கேட்டு அதை மதிய உணவு வேளைக்கு மாற்றியதே போதுமாயிருந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. முதியவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் பகலில் பூட்டியிருக்கும் லைன் வீட்டில் மாத்திரையை யாரிடம் கொடுப்பது? பணியிடத்துக்கே போய்ப் பரிசோதிக்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் பதிவேட்டில் இல்லாத பலரை நாங்கள் கண்டோம்.

அத்தகைய ஒரு முகாமில், கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க என் கையில் அளந்தேன்: 148/94. கருவியைத்தான் சந்தேகித்தேன். உடன் வந்த இளைய செவிலியர், "அக்கா, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றார். சாப்பிட்டிருக்கவில்லை. முகாம் நாள்களில் கழிப்பறை எங்கே இருக்குமோ என்று நானும் தண்ணீர் குடிப்பதில்லை. நான் கடிந்துகொண்டவர்களுக்கும் எனக்கும் இருந்த வேறுபாடு, அறிவுரைத் தாள் என் பையில் இருந்தது மட்டும்தான்.

அந்த ஓவர்லாக் டைலர் தொடர்ந்து வருகிறார். கடைசியாக வந்தபோது 134/86 இருந்தது; மருந்தில் மாற்றம் எதுவும் செய்திருக்கவில்லை. ஊறுகாயை விட்டீர்களா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை, வீட்டு உரிமையாளர் நிலத்தடித் தொட்டி கட்டிவிட்டார், நல்ல தண்ணீர் எந்நேரம் வந்தாலும் அதில் தானாக விழுந்துவிடுகிறது, இப்போது எவரும் இரவில் எழுவதில்லை என்றார். வாடகையை ஐந்நூறு ரூபாய் கூட்டியிருக்கிறாராம். அதற்காக ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, மாத்திரைகளை வாங்கிக்கொண்டு விரைந்து கிளம்பினார்.