எம்.2 என்று கேட்டால் போதாது

மகளின் படிப்புக்காக வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறோம். விண்டோஸ் ஏற்றி வைக்கும் பூட் டிரைவ் வாங்க சனிக்கிழமை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கடைக்காரர் ஒரு எம்.2 எஸ்எஸ்டியை (சிப்களில் தகவலைச் சேமிக்கும் டிரைவ்) உள்ளங்கையில் வைத்தார். 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், சுவிங்கம் பட்டை மாதிரி.

"சார், முனையைப் பாருங்க. ரெண்டு வெட்டு இருக்கா? இது சாட்டா. உங்களுக்கு ஒரு வெட்டு உள்ளது வேணும்."

எம்.2 என்பது வடிவம் மட்டும்தான். டிரைவ் கம்ப்யூட்டருடன் தகவல் பரிமாறும் முறை வேறு. எம்.2 வடிவத்துக்குள் பழைய முறையான சாட்டாவும் உண்டு, வேகமான என்விஎம்இயும் உண்டு. ஒரு வெட்டு உள்ளது பொதுவாக என்விஎம்இ. சாட்டா நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். பிசிஐஇ 3.0 என்ற இணைப்பில் ஓடும் என்விஎம்இ 3500 எம்பி வரை போகும். விண்டோஸ் திறக்கும் நேரத்தில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் அங்கே நடப்பது சின்னச் சின்னக் கோப்புகளைப் படிப்பது. பெரிய வீடியோவை நகலெடுக்கும்போதுதான் தெரியும். ஆனால் விலையில் பெரிய இடைவெளி இல்லை, அதனால் என்விஎம்இதான்.

250 ஜிபி போதும் என்று நினைத்துப் போனவன் 500 வாங்கினேன். எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும், காலி இடம் அவசியம். 5 வருட வாரண்டி, பில்லைப் பத்திரப்படுத்திவிட்டேன். போட்டோக்களுக்குப் பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கிறது.

அந்தக் குட்டி ஸ்க்ரூவை மகளே திருகினாள். இன்று இரவு விண்டோஸ் போடுகிறோம்.