பின்பை இல்லாத காற்சட்டை

முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்த எனக்கு, ஜீன்ஸின் பின்பையில் பதித்திருந்த உலோகக் குமிழ் ஒரு பிற்பகல் முழுவதும் தோலை அழுத்தியது தெரியவே இல்லை. இரவில் கைக்கண்ணாடியில் பார்த்தபோது, விரலால் அழுத்தியும் வெளுக்காத சிவப்பு வட்டம் ஒன்று இருந்தது. அழுத்தப் புண்ணின் முதல் நிலை அதுதான்.

அன்றிலிருந்து தையல்காரரிடம் கொடுத்தே தைத்துக்கொள்கிறேன். பின்பையும், உட்காரும் இடத்தில் தடித்த தையலும் கூடாது. பின்னிடுப்பு முன்னிடுப்பைவிட 2 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும், இல்லையேல் குனியும்போது துணி கீழிறங்கி முதுகு தெரியும். உட்கார்ந்தால் கால்பகுதி மேலேறும் என்பதால், நீளத்தைச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அளக்க வேண்டும் (இதை அவர் ஒப்புக்கொள்வதற்குள் இரண்டு காற்சட்டைகள் வீணாயின). துணி, சற்றே இழுபடும் பருத்தி. தொடை தளர்வாக இருக்கலாம், ஆனால் அடியில் மடிந்து சுருளுமளவு தொளதொளப்பு ஆகாது.